வெளுத்துப்போகும் புரோமெலியட்: தண்ணீர் பத்தவில்லையா, அதிகமாகிவிட்டதா?

தொட்டிப்பித்தன்:
என்னிடம் அன்னாசிக் குடும்பத்து அலங்காரச் செடியான புரோமெலியட் நாலு இருக்கின்றன, இரண்டு குஸ்மேனியா, இரண்டு நியோரிகேலியா. வெயில் ஏற ஆரம்பித்ததும் குஸ்மேனியா இலைகளின் மேல்பக்கம் காகிதம் மாதிரி வெளுத்த திட்டுகள் வந்தன, இப்போது அவற்றின் நடுவில் பழுப்பு. தாகம்தான் என்று நினைத்து காலை, மாலை இரண்டு வேளையும் மண் நன்றாக நனையும்படி ஊற்றினேன். நேற்று ஒரு செடியின் நடு இலையை லேசாகப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் கொழகொழவென்று பழுப்பு, நாற்றம் வேறு. பக்கத்தில் இருக்கும் செம்பருத்தியும் மதியமானால் துவண்டு தொங்குகிறது, சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடுகிறது. யாராவது சொல்லுங்கள், நான் எங்கே தப்பு பண்ணுகிறேன்?

பக்கக்கன்று:
இரண்டு தனித்தனி வியாதியை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டீர்கள். வெளுத்த திட்டு வெயில் சுட்டது. அது ஆறாது, அந்த இலை கடைசிவரை அப்படியேதான் இருக்கும், புது இலை வந்தால்தான் அழகு. குஸ்மேனியாவின் இலை மெல்லியது, நேர்வெயில் ஆகவே ஆகாது. நியோரிகேலியா ஓரத்தில் முள் வைத்த தடித்த இலை, காலை வெயிலைத் தாங்கும், சொல்லப்போனால் வெளிச்சம் குறைந்தால் அதன் சிவப்பு மங்கிப் பச்சையாகிவிடும். எனவே நாலையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள்.

நடு இலை கழன்று வந்தது அழுகல். இவற்றில் பல, காட்டில் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு வாழ்பவை, வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்குத்தான், தண்ணீரை இலைகளுக்கு நடுவில் இருக்கும் கிண்ணத்தில் வாங்கி இலை வழியாகவே குடிக்கும். அதை விட்டுவிட்டு மண்ணை இரண்டு வேளை ஊறவைத்தால் வேருக்கு மூச்சு முட்டும். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், மேல் இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அப்புறம் ஒரு கேள்வி, கிண்ணத்துக்குள் உரம் ஏதாவது போட்டீர்களா?

தொட்டிப்பித்தன்:
போட்டேன்... பூக்கட்டுமே என்று டிஏபி ஒரு சிட்டிகை, நேராக நடுவில்.

பக்கக்கன்று:
அதுதான்! வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு கெட்டியாகி இளங்குருத்தைச் சுடும், அப்புறம் அழுகல் உள்ளே நுழைய எவ்வளவு நேரம் ஆகும். மற்ற மூன்றையும் இப்போதே தலைகீழாகக் கவிழ்த்து நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். கடும் வெயில் காலத்தில் எந்த உரமும் வேண்டாம், தொட்டி மாற்றவும் வேண்டாம். அழுகலுக்கு மருந்து என்று யாராவது தாமிரம் கலந்த பூஞ்சாணக்கொல்லியைச் சொன்னால் கேட்காதீர்கள், புரோமெலியட்டுக்குத் தாமிரம் விஷம்.

நிழல்வலை:
கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் கொசு வருமே, அதை யாரும் சொல்லவில்லை. நான் ஒரு கோடை முழுக்கக் கிண்ணத்தைக் காயப்போட்டே வளர்த்தேன், செடி சாகவில்லை.

பக்கக்கன்று:
சாகாது, ஆனால் நுனி கருகும், இலை உள்பக்கம் சுருளும், உங்களுடையது அப்படி ஆகவில்லையா? கொசுவுக்கு வழி எளிது. வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் இரண்டு முறை பழைய தண்ணீர் வழிந்து வெளியேறும்படி புதுத் தண்ணீர் ஊற்றினால் புழு தங்காது. எண்ணெய் மட்டும் விடாதீர்கள், இலை மேல் இருக்கும் நுண்ணிய செதில்களை அடைத்துவிடும். மழைநீர் கிடைத்தால் அதுவே போதும், உப்புத் தண்ணீர் இலையில் வெள்ளைக் கறை விடும்.

நிழல்வலை:
சுருண்டதுதான், ஒப்புக்கொள்கிறேன். சரி, செம்பருத்திக்கு நான் சொல்கிறேன். மதியத் துவளலைப் பார்த்து ஓடிப்போய் ஊற்றாதீர்கள், வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக இழக்கிறது, அவ்வளவுதான். காலையிலும் துவண்டே இருந்தால்தான் தாகம், அல்லது வேர் அழுகல். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைச் சிமெண்ட் தரையில் வைத்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் தொட்டுப் பாருங்கள், கை சுடும், உள்ளே வேரும் வேகிறது. செங்கல் மேல் தூக்கி வைத்து, அதைவிடப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி, மண் மேல் காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கலவை ஒருமுறை முழுசாகக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, ஓரமாக வழிந்து போய்விடும், நாம் ஊற்றிவிட்டோம் என்று நினைப்போம். அதற்கு ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் தொட்டியை உட்கார வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் முதலில் கொதித்துக்கொண்டு வரும், கொஞ்சம் வழியவிட்டுப் பிடியுங்கள், நான் ஒரு தடவை அவசரத்தில் அப்படியே ஊற்றி ஒரு நாற்றை இழந்திருக்கிறேன்.

தொட்டிப்பித்தன்:
மூன்றையும் கவிழ்த்தேன், ஏழெட்டு கொசுப்புழு நெளிந்துகொண்டு விழுந்தன, வீட்டில் நல்ல திட்டு. அழுகிய செடியைத் தூக்கி எறியப் போனேன், அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பச்சை முளை. கன்றா அது?

பக்கக்கன்று:
கன்றேதான், எறியாதீர்கள்! நடுவில் இருக்கும் அழுகலைச் சுத்தமாக எடுத்துவிட்டு நிழலில் உலரவிடுங்கள், நடுவில் இனித் தண்ணீர் வேண்டாம். தாயின் அளவில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்த பிறகு பிரிப்பதுதான் வழக்கம், ஆனால் அழுகல் கன்றின் அடிவரை இறங்கினால் காத்திருக்காமல் வெட்டிவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கன்றின் அடியை அமுக்கிப் பாருங்கள், கெட்டியாக இருக்கும்வரை வெட்டாதீர்கள்.