கார்டு வந்த பிறகு மருத்துவமனைக்குள் மாறியவை: நாங்கள் பார்த்தது

ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். அரசுக் காப்பீட்டில் எங்கள் மருத்துவமனை சேர்ந்த முதல் மாதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பித்தப்பைக் கல்லோடு மூன்று வருடம் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, கார்டு கைக்கு வந்த மறுநாளே வந்துவிட்டார். கொண்டுவந்த பழைய ஸ்கேன் ரிப்போர்ட் மடிப்பில் கிழிந்து போயிருந்தது. “இதுவே போதுமா, புதிதாக எடுக்கணுமா?” என்று கேட்டார். எடுக்கணும் என்றதும் கை தன்னால் பர்ஸுக்குப் போனது. பணம் வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கை அங்கேயே இருந்தது.

அந்த வருடம் அப்படி வந்தவர்கள் எத்தனையோ பேர். தள்ளிப்போட்ட நோயெல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்தது. கூட்டம் தாங்காமல் நிர்வாகம் இரண்டாவது ஆபரேஷன் தியேட்டர் கட்டியது. இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் 1965இல் முதியோருக்காக மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு வந்தது. அதனால் 1970க்குள் மருத்துவமனைச் செலவு 37 சதவீதம் கூடியது என்று பொருளாதார அறிஞர் ஏமி ஃபிங்கல்ஸ்டைன் கணக்கிட்டிருக்கிறார். பணம் உறுதியாக வரும் என்றால் மருத்துவமனைக்குக் கட்டவும் வாங்கவும் துணிச்சல் வருகிறது. அந்தத் தியேட்டரில் கார்டு இல்லாதவர்களுக்கும்தான் ஆபரேஷன் நடக்கிறது.

சங்கடம் பேக்கேஜில் ஆரம்பித்தது. ஒரு அறுவை சிகிச்சைக்கு ஒரே தொகை. மூன்று நாளில் அனுப்பினாலும் ஏழு நாள் வைத்திருந்தாலும் வருவது அதுதான். தேவையில்லாத டெஸ்ட் குறைந்தது, சரி. ஆனால் தையலில் நீர் கசிந்துகொண்டிருந்த ஒருவரின் டிஸ்சார்ஜ் பேப்பர் நான்காம் நாளே என் மேசைக்கு வந்துவிட்டது. டியூட்டி நர்ஸ் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், டாக்டரைக் கூட்டி வந்து புண்ணைக் காட்டினார். அந்த நோயாளி இன்னும் மூன்று நாள் இருந்தார், செலவு மருத்துவமனை தலையில் விழுந்தது. அந்த நர்ஸ் அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். மெடிகேரும் 1983இல் நோய் வகைக்கு ஒரு தொகை என்று மாறியது. நோயாளிகள் படுக்கையில் இருக்கும் நாட்கள் மளமளவென்று குறைந்தன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு முறை ஐந்து மாதக் கிளைம் பணம் வராமல் நின்றது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை அனுப்பும் சப்ளையர் சரக்கை நிறுத்திவிட்டார். இருந்த கொஞ்சத்தை ரொக்கம் கட்டுகிறவர்களுக்கு வைத்துக்கொண்டார்கள். கார்டோடு வந்தவர்களிடம் “இப்போது தேதி இல்லை” என்று சொன்னது நான்தான். தேதி இருந்தது.

---

மருத்துவமனைக்குள் இருந்து நீங்கள் மேலே எழுதியதைப் படித்ததும், நோயாளியின் வீட்டு ஆளாக எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவருக்குச் சர்க்கரை. எங்களிடம் இருந்த கார்டு, மருத்துவமனையில் படுத்தால் மட்டும் பணம் தரும். தினசரி மாத்திரைக்குத் தராது. கையில் காசு குறைகிற மாதங்களில் அவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டதை நாங்கள் கவனிக்கவில்லை. காலில் ஒரு சின்னக் கொப்புளம், அப்புறம் புண், அப்புறம் அட்மிஷன். ஒரு விரலை எடுத்தார்கள்.

அதற்குக் காப்பீடு தர வேண்டிய முன் அனுமதி ஒரே நாளில் வந்துவிட்டது. மாத்திரைக்கு ஆகியிருக்கக்கூடிய பணத்தைப் போல எத்தனையோ மடங்கை அந்த விரலுக்காகக் காப்பீடு மருத்துவமனைக்குக் கட்டியிருக்கும். தாய்லாந்தில் 2002இல் சட்டமான அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் வெளிநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் சேர்ந்தே இருக்கின்றன. அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பணம் ஒதுக்குகிறார்கள். அப்படி ஒன்று எங்களுக்கு இருந்திருந்தால் அவர் மாத்திரையை உடைத்திருக்க மாட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று பில்லில் நாங்கள் கட்ட வேண்டியது பூஜ்யம் என்று இருந்தது. வீட்டில் தொடர வேண்டிய மருந்துகளில் முதல் வரியில் அதே மாத்திரை. அதை வெளியே மருந்துக் கடையில் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.