வெயில் காய்தலா, வெப்பங்காய்தலா?

உடுமலை:
ஏழாம் வகுப்புச் செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்ங்க. ஓணானும் அமராவதி முதலையும் காலையில் வெயிலில் கிடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் 'பாஸ்கிங்' என்கிறார்கள். தமிழில் ஒரு சொல் வேண்டும். 'சூரியக் குளியல்' வேண்டாம், விடுதி விளம்பரம் மாதிரி இருக்கிறது.

ஈரோடு:
வெயில் காய்தல். ஆடு மேய்க்கிறவருக்கும் புரியும். இதில் விவாதிக்க என்ன இருக்குங்க?

கோவை:
இருக்கிறது. குறள் 77-இல் 'வெயில்போலக் காயுமே' என்றால் காய்வது வெயில், புழுவைச் சுடுகிறது. 691-இல் 'தீக்காய்வார்' என்றால் காய்வது ஆள். எழுவாயே மாறிவிடுகிறது. தவிர, 'வெயிலில்' என்பதன் 'இல்' மறைந்த வேற்றுமைத் தொகை என்றால் லகரம் றகரமாகி 'வெயிற்காய்தல்' என்றுதான் வரணும்.

கரூர்:
அதுவும் சரியில்லை. 'வெயில் என் கிளவி மழையியல் நிலையும்' என்பது தொல்காப்பியம். அதாவது 'மழை'யைப் போலவே 'வெயி'லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அத்து அல்லது இன் என்ற இணைப்பசை, சாரியை, வேண்டும். 'வெயிலத்துக் காய்தல்'.

உடுமலை:
ஏழாம் வகுப்புங்க!

ஈரோடு:
'குளிர்காய்தல்' கூட இருக்கிறதே?

கோவை:
அடுத்தவன் வீடு எரியும்போது செய்வதல்லவா அது? முதலைக்கு எதற்கு அந்தப் பழி.

பொள்ளாச்சி:
கொஞ்சம் பிராணியையும் பாருங்கள். ஓணான் வேலிக்கல்லில் ஏறியதும் உடம்பைத் தட்டையாக்கி வெயிலுக்குக் குறுக்கே கிடக்கும். நிறமும் சற்றுக் கருக்கும். சூடேறியதும் தலையை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டு, காலை ஊன்றி வயிற்றைக் கல்லிலிருந்து தூக்கிவிடும். முதலை வாயைப் பிளப்பதும் பெரும்பாலும் சூடு மிஞ்சாமல் இருக்கத்தான். வாயின் ஈரம் ஆவியாகித் தலை குளிரும். பிள்ளைகள் அதைக் கோபம் என்று எழுதிவிடுவார்கள், தாளில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'முதலை காய்கிறது' என்று மொட்டையாக எழுதினால் கருவாடுதான் ஞாபகம் வரும்.

இன்னொரு சிக்கல். தொட்டி ஆமைக்கு மேலே விளக்கு மாட்டி, அடியில் உள்ள கல்லை 32 முதல் 35 டிகிரி வரை வைக்கிறோம். தாழ மாட்டினால் ஓடு வெந்துவிடும்; புற ஊதா விளக்குக்குக் கீழே கண்ணாடி மூடி போட்டால் வேண்டிய கதிர் வடிபட்டுப் போகும். அதுவும் பாஸ்கிங்தான், வெயில் எங்கே? அதனால் 'வெப்பங்காய்தல்'.

ஈரோடு:
விளக்குக்காக ஊர்ச்சொல்லை விடுவதா? ஆமைக்கு அந்த விளக்கே வெயில்.

உடுமலை:
மூன்று பேர் ஏதோ ஒரு வடிவில் 'வெயில் காய்தல்' என்கிறீர்கள். பிரித்தே எழுதிவிடுகிறேன். விளக்குக்கு மட்டும் அடைப்புக்குள் 'வெப்பங்காய்தல்'.

கரூர்:
பிரித்து எழுதினாலும் சாரியை சாரியைதாங்க.