ஐம்பது என்றால் ஐம்பதுதான்

வெள்ளை ஷூ:
நேற்று மதுரை பிரதர் இந்த நர்ஸ் குரூப்பில் ஒரு முத்து உதிர்த்திருந்தார்: “வேலை இல்லை என்று அழுகிற ஃப்ரெஷர் எல்லாம் சோம்பேறி. தெருமுனை நர்சிங் ஹோமில் சேர், ரெண்டு வருஷம் தள்ளு, எய்ம்ஸ் நார்செட் எழுது, முடிந்தது.” படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஜி.என்.எம்., அதாவது டிப்ளமோ நர்ஸ். நாங்கள் நார்செட் (எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான தேர்வு) எழுத இரண்டு வருட அனுபவம் வேண்டும், அதுவும் குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில். உங்கள் தெருமுனையில் எத்தனை கட்டில் பிரதர்? பதினைந்தா? மாடியையும் சேர்த்தால் இருபதா?

மதுரை பிரதர்:
காலையிலேயே சூடா சிஸ்டர்? தெருமுனை என்றது ஒரு பேச்சுக்கு. நான் சொன்னது வேலை கற்றுக்கொள்வதைப் பற்றி. சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே நைட்டில் கேஷுவாலிட்டி, லேபர் வார்டு, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் நாம்தான். கார்ப்பரேட்டில் ஆறு மாதம் டிரெய்னி என்று நிற்க வைப்பான், டிரிப் ஏற்றும் கேனுலா ஊசி போட விடமாட்டான். நான் ஆரம்பித்தது 40 படுக்கையில். இன்று சவூதியில் இருக்கிறேன்.

வெள்ளை ஷூ:
40. நீங்களே சொல்லிவிட்டீர்கள். நார்செட் நடத்துவது சவூதிக்காரன் இல்லை.

சேலத்து சிஸ்டர்:
பி.எஸ்சி. நர்சிங்குக்கு நார்செட்டில் அனுபவமே கேட்பதில்லையே, இதற்கா இவ்வளவு சண்டை? நான்கு வருடம் உட்கார்ந்து படித்திருந்தால் இந்தக் கட்டில் கணக்கே வந்திருக்காது.

வெள்ளை ஷூ:
வந்துட்டாங்க நான்கு வருடம். போன மாதம் எங்கள் வார்டுக்கு ஒரு பி.எஸ்சி. ஃப்ரெஷர் வந்தது. இன்சுலின் 20 யூனிட் எடு என்றேன். குப்பி மில்லிக்கு 40 யூனிட் ரகம், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. கையில் எடுத்தது ஆரஞ்சு மூடி சிரிஞ்சு, மில்லிக்கு 100 யூனிட் ரகத்துக்கானது. நான் பார்க்காமல் இருந்திருந்தால் 20 என்று நினைத்து 8 யூனிட்தான் போயிருக்கும். சிவப்பு மூடி எங்கேம்மா என்றால் திருதிருவென்று முழிக்கிறது. நான்கு வருடமாம்.

சேலத்து சிஸ்டர்:
இரண்டு ரக சிரிஞ்சையும் ஒரே டிரேயில் போட்டு வைத்தது யார்? இன்சார்ஜ் நீங்கள்தானே? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

வெள்ளை ஷூ:
அது ஸ்டோரிலிருந்து அப்படியே வந்தது. பேச்சை மாற்றாதீர்கள்.

ரிட்டயர்டு ஏ.ஓ.:
கொஞ்சம் நில்லுங்கள். முதலில் ‘அனுபவம்’ என்றால் என்ன? நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்வதற்கு முன்னால் பார்த்த வேலை சேருமா? டிரெய்னி காலம் சேருமா? நார்செட் விளம்பரத்தை முழுதாகத் திறந்து படித்தவர் இங்கே யார்? அதை முடிவு செய்யாமல் கட்டிலை எண்ணி என்ன பயன்?

மதுரை பிரதர்:
ஐயா சொல்வது சரி. அதையேதான் நானும் கேட்கிறேன், கட்டிலை எப்படி எண்ணுவது? கேஷுவாலிட்டி கட்டில் சேருமா? டயாலிசிஸ்? பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர்? எல்லாம் சேர்த்தால் எங்கள் 40, 52 வரும்.

ரிட்டயர்டு ஏ.ஓ.:
நான் கேட்டது அது இல்லை.

வெள்ளை ஷூ:
வார்மரை எண்ணுகிறார்! பிரதர், நான் முதலில் சேர்ந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) லைசென்ஸில் 45 படுக்கை. டெங்கு சீசனில் காரிடாரில் மடக்குக் கட்டில் போட்டார்கள். 22-க்கும் 23-க்கும் நடுவில் ஒன்று, கால்மாட்டில் பிளாஸ்டர் ஒட்டி மார்க்கரில் ‘22ஏ’. டிரிப் ஸ்டாண்டு கிடையாது, பாட்டிலை ஜன்னல் கம்பியில் பேண்டேஜ் துணியால் கட்டினேன். டிராலி போகும்போதெல்லாம் அந்தப் பேஷன்ட் காலை மடக்கிக்கொள்வார். அப்படி 22ஏ, 31ஏ, 31பி என்று எண்ணினால் அறுபதுக்கு மேல். மாதம் 8,000 ரூபாய். நடுவில் விலக மாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ரெண்டு வருடம் முடித்துக் கிளம்பும்போது கொடுத்த காகிதத்தில் ‘45 படுக்கை’. 22ஏ-வில் கிடந்தவரை யார் பார்த்தது, பேயா? ஆகவே என்னிடம் வார்மர் கதை வேண்டாம். 50 என்றால் காகிதத்தில் 50.

மதுரை பிரதர்:
பார்த்தீர்களா, வேலை கற்றுக்கொண்டது அங்கேதானே? நான் சொன்னதும் அதுதான்.

வெள்ளை ஷூ:
நீங்கள் சொன்னது “நார்செட் எழுது, முடிந்தது.” மேலே அப்படியே இருக்கிறது. அழிக்காமல் வையுங்கள்.

நாகர்கோவில் நைட் டூட்டி:
நீங்கள் 50-ஐப் பிடித்துத் தொங்குவதால் ஒன்று சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு போட்ட குழு 2016-ல் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ் சம்பளத்துக்குப் பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸ் சம்பளத்துக்குச் சமம். 50-க்குக் கீழே இருந்தாலும் 20,000-க்குக் குறையக் கூடாது. கேரளத்தில் நர்ஸ்கள் போராடி 2018-ல் 20,000 அடிப்படைச் சம்பளம் வாங்கினார்கள். நாம் இங்கே யார் கட்டில் பெரிசு என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

சேலத்து சிஸ்டர்:
அப்படியென்றால் கேரளா போய்விட வேண்டியதுதானே? இங்கே பெரிய ஆஸ்பத்திரி இன்டர்வியூவுக்குப் போனால் நமக்கு முன்னால் அவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

நாகர்கோவில் நைட் டூட்டி:
நிற்பார்கள். நம் ஆட்கள் ரிஜிஸ்ட்ரேஷனை வாங்கவே சோம்பல்பட்டால் வரிசை அவர்களுடையதுதான்.

மதுரை பிரதர்:
“சோம்பல்”! நான் சொன்னால் தப்பு, இவர் சொன்னால் சரி.

வெள்ளை ஷூ:
இரண்டு பேர் சொன்னதும் தப்பு. 2015-ல் எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போனவர்களுக்கே தொகுப்பூதியம் 7,700 ரூபாய். அவர்கள் சோம்பேறிகளா? அப்புறம் நாகர்கோவில்காரரே, 20,000 என்பது பரிந்துரை. பரிந்துரையை வைத்து ஹாஸ்டல் மெஸ் பில் கட்ட முடியாது. ஆனால் பாருங்கள், அந்தக் குழுவுக்கும் 50 என்றால் 50தான்.

புதுசு:
அக்கா, அண்ணா, ஒரு சந்தேகம். ஜி.என்.எம். முடித்துவிட்டேன், ரிஜிஸ்ட்ரேஷன் வந்துவிட்டது. நாளை ஒரு ஆஸ்பத்திரியில் வாக்-இன் இன்டர்வியூ. ஒரிஜினலைக் கொடுத்துவிட்டுச் சேரச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

வெள்ளை ஷூ:
எத்தனை படுக்கை?

மதுரை பிரதர்:
தங்கச்சி, அதையெல்லாம் கேட்காதே, சேர்ந்துவிடு. வேலை கற்றுக்கொள்.

வெள்ளை ஷூ:
ஒரிஜினலைக் காட்டு, கொடுக்காதே. ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுக் கொடு. வெளியே போகும்போது உன் பதவி, சேர்ந்த தேதி, விட்ட தேதி, படுக்கை எண்ணிக்கை எல்லாம் அனுபவச் சான்றிதழில் வருமா என்று எச்.ஆரிடம் நாளைக்கே கேள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சேலத்து சிஸ்டர்:
இப்படிக் கேட்டால் முதல் நாளே வெளியே அனுப்பிவிடுவார்கள். கூடவே ஜி.என்.எம். முடித்தவர்கள் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யும் யோசித்து வை.

வெள்ளை ஷூ:
ஆரம்பித்துவிட்டார்.

புதுசு:
48 படுக்கை என்று போர்டில் இருக்கிறது அக்கா.

மதுரை பிரதர்:
கேஷுவாலிட்டியில் ரெண்டு கட்டிலாவது இருக்கும்.

வெள்ளை ஷூ:
பிரதர், உங்களுக்குச் சவூதியில் டூட்டியே கிடையாதா?