சமூக ஆக்குபேஷனல் தெரபியில் பண்பாடு முதலிலா, கடைசியிலா?

கதிர்மதி:
என் கட்சியை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், சமூகத்துக்குள் இறங்கி வேலை செய்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது நோயாலோ வேறு தடையாலோ நின்றுபோன அன்றாட வேலைகளை மறுபடி செய்ய உதவுகிறவர், பண்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தூரம் தானே செய்கிறார் என்று மதிப்பெண் போடுகிற, 1965-இல் வந்த பார்தெல் அளவுகோலைப் பாருங்கள். தானே குளித்தால் 5, யாராவது கைகொடுத்தால் 0. அப்பாவை மகள் குளிப்பாட்டுவதை இரண்டு பேருமே இயல்பாக நினைக்கிற வீட்டில் அந்த 0-க்கு என்ன அர்த்தம்? யார் துணையும் இல்லாமல் இருப்பதுதான் நல்ல வாழ்க்கை என்ற நினைப்பு மதிப்பெண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதை நாம் பொது அறிவியல் என்று படித்துவிட்டு வருகிறோம்.

சுத்தியல்:
அளவுகோல் மேல் ஏன் பழி? எவ்வளவு உதவி தேவை என்றுதான் அது கேட்கிறது, எப்படி வாழ வேண்டும் என்று அல்ல. என் பயம் வேறு. பக்கவாதம் வந்த ஒரு பெண், முதல் பேட்டி, எல்லாக் கேள்விக்கும் கணவரே பதில் சொல்கிறார்: வேலைக்கெல்லாம் போக வேண்டாம், சமைத்தால் போதும், எங்கள் வழக்கம் அப்படி. தெரபிஸ்டும் பண்பாட்டை மதிக்கிறேன் பேர்வழி என்று காய் நறுக்கப் பயிற்சி கொடுக்கிறார். அந்தப் பெண் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர். பேனா பிடிக்க வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை!

கதிர்மதி:
அங்கே பேசியது பண்பாடு இல்லை, கணவர். மைக்கேல் இவாமா ஜப்பானிய தெரபிஸ்டுகளோடு சேர்ந்து உருவாக்கிய காவா முறையில், வந்தவரே தன் வாழ்க்கையை ஆறாக வரைகிறார். தண்ணீர் வாழ்க்கையின் ஓட்டம், பாறைகள் சிக்கல்கள், கரையும் அடியும் சுற்றியிருக்கிற மனிதர்களும் இடமும், மிதக்கும் கட்டைகள் அவருடைய குணம், திறமை, கைவசம் இருப்பது. அந்தப் பெண் வரைந்திருந்தால் கணவர் கரையிலா பாறையிலா என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

சுத்தியல்:
தெரிந்து? பாறையை யார் நகர்த்துவது? வேலை போய்விட்டது, வீல்சேர் ஏற சாய்தளம் இல்லை, இதெல்லாம் படம் வரைந்தால் தீராது.

வழிப்போக்கன்:
பிரேசிலில் 1970களிலேயே தெரபிஸ்டுகள் இந்தச் சண்டையைப் போட்டிருக்கிறார்கள். வறுமையை நோயாகப் பார்க்க மாட்டோம் என்று மருத்துவமனையை விட்டு வெளியே வந்தார்கள், சமூக ஆக்குபேஷனல் தெரபி என்ற துறையே அங்கே தனியாக வளர்ந்தது. ஆனால் அவர்கள் பண்பாட்டைத் தூக்கிப் போடவில்லையே, இளைஞர்களோடு வேலை செய்யும்போது அந்த இளைஞர்கள் ஏற்கனவே கூடிச் செய்கிறவற்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

கதிர்மதி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். உரிமை கேட்கவும் மக்களுக்குத் தெரிந்த வழிகள் உண்டு, அது தெரியாமல் போனால் நாம் நமக்காகக் கேட்டுவிட்டு வருவோம்.

சுத்தியல்:
சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர் குழுப் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினால் கோப்பில் 'பண்பாட்டுக் காரணம்' என்று எழுதுகிறார்களே, அதற்கு என்ன சொல்வீர்கள்? வந்து போகக் காசு இல்லை என்பதைக்கூட அந்த ஒரு வார்த்தை மூடிவிடுகிறது. அதை எழுதுவதற்கு முன்னால் அவரிடமே ஒரு போன் போட்டுக் கேட்கட்டும், அப்புறம் ஆறோ ஏரியோ வரையட்டும்.