கீமோ முடிந்தும் அசதி போகவில்லை, உடற்பயிற்சி செய்யலாமா?

மாடித்தோட்டம்:
மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது தினமும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை மட்டும்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். எனக்குத்தான் பழைய உடம்பு இன்னும் திரும்பவில்லை. துணி மடிக்க உட்கார்ந்தால் பாதியிலேயே படுக்கத் தோன்றுகிறது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்தாலும் தூங்கிய மாதிரியே இல்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது முட்டி இரண்டும் பிடித்துக்கொள்கின்றன.

"நன்றாக ரெஸ்ட் எடு" என்கிறார் மாமியார். ஆபரேஷன் செய்த பக்கக் கை வீங்கிவிடும் என்று தண்ணீர் வாளியைத் தொடவே விடுவதில்லை. டாக்டரோ "நார்மலாக இருங்கள்" என்று முடித்துக்கொண்டார். எது நார்மல் என்று யாராவது சொல்லுங்களேன். அந்தக் கையால் எடை தூக்கலாமா?

படிக்கட்டு:
இதே சிகிச்சையை நானும் கடந்து வந்தவள். இந்த அசதி வேறு ரகம். வேலை செய்து களைத்தால் தூங்கி எழுந்ததும் சரியாகிவிடும். இதுவோ படுத்தே கிடந்தால் இன்னும் கூடும். கிடக்கக் கிடக்கத் தசை கரைகிறது, இதயமும் நுரையீரலும் பழக்கம் விட்டுப்போகின்றன. அப்புறம் எழுந்து நிற்பதே வேலையாகிவிடுகிறது.

ஆனால் நடக்கத் தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தாலோ, தைராய்டு மந்தமாக இருந்தாலோ, எவ்வளவு நடந்தாலும் அசதி விடாது. மனச்சோர்வும் இதே முகமூடியில் வரும், அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

எவ்வளவு செய்வது என்றால், அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய நிபுணர் குழு 2019-ல் ஒரு கணக்கு சொன்னது. வாரம் 3 நாள், தலா 30 நிமிடம் மிதமான நடை அல்லது சைக்கிள், கூடவே 2 நாள் தசைப்பயிற்சி. அசதி, பதற்றம், மனச்சோர்வு, அன்றாட வேலைத்திறன் எல்லாமே இதனால் மேம்படுகின்றன என்பதற்குப் போதிய சான்று இருக்கிறது. இது போய்ச் சேர வேண்டிய இடம், முதல் நாளே செய்வதற்கு அல்ல. நான் வீட்டுக் கூடத்திலிருந்து வாசல்வரை போய்த் திரும்புவதில்தான் ஆரம்பித்தேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் சரியான வேகம்.

நாற்காலிப் பயிற்சியையும் விடாதீர்கள். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழுந்தால் கணக்கில் சேராது! இறங்கும்போதுதான் தொடை வேலை செய்கிறது.

பிசியோ:
கைக்கு வருகிறேன். எடை தூக்கினால் வீங்கும் என்பது மருத்துவர்களே வெகுகாலம் சொல்லிவந்ததுதான், மாமியாரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்க ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவின் ஆய்வு 2009-ல் வந்த பிறகு அந்தக் கருத்து மாறியது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பாதிப்பேர் ஓராண்டு எடைப்பயிற்சி செய்தார்கள். வீக்கம் கூடவில்லை, திடீரென மோசமாவதுகூட அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் பயிற்சியாளர் மேற்பார்வையில், மிகக் குறைந்த எடையில் தொடங்கி, கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொண்டு, மெதுவாகக் கூட்டினார்கள்.

நீங்களும் அரை கிலோவில் ஆரம்பியுங்கள். மறுநாள் கை கனத்தாலோ, மோதிரமோ வளையலோ இறுகினாலோ நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். கை சிவந்து சூடானால் அன்றே போக வேண்டும், அது தொற்றாக இருக்கலாம்.

முட்டி பிடிப்பது பெரும்பாலும் லெட்ரோசோலின் வேலை. வலிக்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடற்பயிற்சியால் இந்த மூட்டுவலி குறைகிறது. அந்த மாத்திரை எலும்பையும் தேய்க்கும் என்பதால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தீர்களா என்று பாருங்கள். கீமோவில் இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் மருந்து இருந்திருந்தால், வேகமான பயிற்சிக்குப் போகும் முன் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்றவன்:
அம்மா, எனக்குப் பெருங்குடலில் வந்தது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டதில் பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றாலும் தெரியாது. அதனால் ரோட்டில் நடப்பதில்லை, வீட்டுக்குள் ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிள்தான். உங்களுக்கும் கால் மரத்திருந்தால் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

எங்கள் ரகத்துக்கு 2025-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கீமோ முடித்த 889 பேர். 3 ஆண்டு வழிகாட்டலோடு உடற்பயிற்சி செய்தவர்களில் 8 ஆண்டு கழித்து 100-க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். கையேடு மட்டும் வாங்கியவர்களில் 83 பேர். இது பெருங்குடலுக்கான கணக்கு, எல்லாப் புற்றுநோய்க்கும் நீட்டக் கூடாது. ஆனாலும் "பாசிட்டிவாக இருங்கள்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறவர்களைவிட இந்த எண் எனக்குத் தெம்பு தந்தது.

மாடித்தோட்டம்:
எல்லோருக்கும் நன்றி. தைராய்டு யாருமே பார்க்கவில்லை, இந்த வாரமே கொடுக்கிறேன். எழுந்திருக்கவே முடியாத நாளில் என்ன செய்வது?

படிக்கட்டு:
காய்ச்சல், மயக்கம், நெஞ்சுவலி இருந்தால் பயிற்சி வேண்டாம், டாக்டரிடம் போங்கள். வெறும் அசதிதான் என்றால் வழக்கத்தில் பாதி. அதுவும் முடியாவிட்டால் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். அதற்குப் பிறகும் அசதி இழுத்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தெம்பாக இருக்கும் நாளில் விட்டதையெல்லாம் சேர்த்துச் செய்யாதீர்கள், அடுத்த நாள் படுக்கையோடு போய்விடும்.