கடிதக் கட்டை அவுக்குறதுக்கு முன்னாடி

பழைய லெட்டரை ஆவணக் காப்பகத்துக்குக் குடுத்தவங்க அனுபவம் சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க, என்னோடதயும் எழுதிடுறேன், கொஞ்சம் நீளம்.

பாட்டி இறந்தப்புறம் அவங்க தகரப்பெட்டி எங்கிட்ட வந்துச்சு. உள்ள 200க்கு மேல லெட்டர், ஏழு கட்டா நூல் போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க. நான் ஒழுங்கு பண்றேன்னு எல்லாக் கட்டையும் அவுத்து, கவரெல்லாம் ஒரு பக்கம் லெட்டரெல்லாம் ஒரு பக்கம்னு பிரிச்சு, தேதி வாரியா அடுக்கி, தேதி இல்லாததைக் கடைசியில சொருகி, ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியா உக்காந்து முடிச்சுக் காப்பகத்துக்கு எடுத்துட்டுப் போனா, அங்க இருந்த மேடம் கேட்ட முதல் கேள்வியே "எது எதெல்லாம் ஒண்ணா கட்டியிருந்துச்சு?"ங்கிறதுதான். என்கிட்ட பதில் இல்ல.

அவங்க கோபப்படல. பாட்டி எதை எதோட சேத்து வச்சாங்கங்கிறதே ஒரு தகவல்தான், அதனால வந்த வரிசையைக் காப்பகத்துல முடிஞ்சவரை கலைக்க மாட்டோம்னு சொன்னாங்க. அன்னிக்கு அது எனக்கு முழுசா ஏறல. வம்சாவளி எழுத உக்காந்தப்போதான் உறைச்சுது. 34 லெட்டர்ல தேதி இல்ல, பேரும் இல்ல, "இப்படிக்கு உங்கள் தங்கை" மட்டும்தான். பாட்டிக்கு மூணு தங்கச்சி. அதுல ரெண்டு பேருக்கு எழுத வராது, வீட்டுப் பசங்களை விட்டு எழுத வைப்பாங்க, அதனால கையெழுத்தை வச்சும் பிடிக்க முடியல. கட்டு அப்படியே இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். இப்பவும் அதை நெனச்சா மனசு கனக்குது.

மேடம்தான் ஒரு வழி காட்டினாங்க. லெட்டரோட மடிப்பு அகலம், குண்டூசி துருப்பிடிச்ச கறை, ஈரம் பட்ட ஓரம், இதெல்லாம் எந்தக் கவரோட பொருந்துதுன்னு பாக்கச் சொன்னாங்க. 19 லெட்டருக்கு கவர் கிடைச்சுது, கவர்ல தபால் முத்திரை இருந்ததால தேதியும் ஊரும் கிடைச்சுது, ஊரை வச்சு எந்தத் தங்கச்சின்னும் தெரிஞ்சுது. அந்த சந்தோஷத்தை எப்படி சொல்றதுன்னே தெரியல.

இன்னொண்ணு. பெரியப்பா எழுதின வம்சாவளி நோட்டுல ஒரு அத்தையோட பிறந்த வருஷம் ரெண்டு இடத்துல ரெண்டு விதமா இருந்துச்சு. ஒண்ணை அடிச்சுட்டு ஃபேர் காப்பி எழுதலாம்னு இருந்தேன், வேண்டாம், ரெண்டையும் வச்சுக்கிட்டு எது எந்தக் காகிதத்துல இருக்குன்னு பக்கத்துல குறிங்கன்னு மேடம் சொல்லிட்டாங்க. வம்சாவளியை சாஃப்ட்வேர்ல ஏத்துறவங்க ஜெட்காம் (GEDCOM, வம்சாவளி சாஃப்ட்வேர்களுக்குப் பொதுவான ஃபைல் வடிவம்) ஃபைலாவும் ஒரு காப்பி எடுத்து வைங்க, நாளைக்கு வேற சாஃப்ட்வேருக்கு மாறினாலும் எடுத்துப் போகலாம்.

பதில்:
அக்கா, நான் அப்பா லெட்டர் கிழியக் கூடாதுன்னு அதுல பன்னிரண்டை லேமினேட் பண்ணிட்டேன். சூட்டுல ஒட்டினது, இனிமே சேதம் இல்லாம பிரிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. செலோடேப் ஒட்டின இடமெல்லாம் வேற பழுப்பாகி பசை எழுத்து வரைக்கும் ஊறிடுச்சு. மீதியை எங்கிட்ட கேக்காம யாரும் தொடாதீங்கன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். ஒரு சந்தேகம், உயிரோட இருக்கிறவங்களைப் பத்தின லெட்டரையும் குடுத்துட்டீங்களா?

பதில்:
குடுத்தேன் தம்பி, ஆனா மூணு லெட்டரை மட்டும் இத்தனை வருஷத்துக்கு யாருக்கும் காட்டக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்கிட்டேன், சித்தி கேட்டுக்கிட்டாங்க. உங்ககிட்ட இருக்கிற மீதி லெட்டரை அமிலமில்லாத ஃபோல்டர்ல போட்டு, பென்சில்ல மட்டும் மெதுவா நம்பர் போடுங்க, பேனா வேண்டாம். அதுக்கும் முன்னாடி, கட்டு இருக்கிற நிலையிலயே எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துருங்க.

எனக்கு அந்த 34ல இன்னும் 15 லெட்டர் மிச்சம் இருக்கு. அந்த ஃபோல்டர் மேல "தங்கை, யாருன்னு தெரியல"ன்னு எழுதித்தான் குடுத்திருக்கேன்.