ஓவன் போட்டால் மீன் வாடை வருகிறது, ஆனால் நாங்கள் சைவம்

மாவும்மணமும் (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். 40 லிட்டர் ஓடிஜி (கரன்டில் ஓடும் மேடை ஓவன்), 2000 வாட். பழைய வீட்டில் இருந்தவரை அதில் ஒரு குறையும் இல்லை. இந்த வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்து ஓவன் சூடேறிக் கொஞ்ச நேரத்தில் மீன் வாடை கிளம்புகிறது. மீன் மார்க்கெட்டைத் தாண்டிப் போகும்போது அடிக்குமே, அதே வாடை. நாங்கள் சைவம், இந்த ஓவனுக்குள் முட்டைகூடப் போனதில்லை.

துகள் தட்டு, கம்பி வலை எல்லாம் எடுத்துக் கழுவியாயிற்று. ஆப்ப சோடாவைக் குழைத்து உள்சுவரில் பூசி, ராத்திரி முழுக்க ஊறவிட்டுத் துடைத்தேன். எலுமிச்சைத் தோலைத் தண்ணீரில் போட்டு உள்ளே வைத்துச் சூடாக்கினேன். ஒன்றும் பலிக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், கேக்கில் அந்த வாடை ஏறுவதே இல்லை. பிஸ்கட் போடும் நாளில் வாடை அவ்வளவாகத் தெரிவதில்லை, பன், பீட்சா போடும் நாளில்தான் நிற்க முடியவில்லை. முன்பு குடியிருந்தவர்கள் சமைத்த மீன் சுவரில் ஊறிக் கிடக்கிறது என்பது மாமியாரின் தீர்ப்பு. பண்டிகை ஆர்டர்கள் வரப்போகின்றன. யாராவது வழி சொல்லுங்களேன்.

கருவேப்பிலை

பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள் அக்கா. வீடு மாற்றும்போது மூட்டைகளோடு கிடந்ததில் பல்லி உள்ளே போய்ச் செத்திருக்கும். எங்கள் மைக்ரோவேவில் அப்படித்தான் ஆனது.

சாம்பல்பூசணி

வினிகரைத் தெளித்துத் துடைத்துவிட்டு, 250 டிகிரியில் காலியாக அரை மணி நேரம் ஓடவிடுங்கள். எல்லாம் எரிந்து போய்விடும். ஜன்னலைத் திறந்து வைக்க மறக்காதீர்கள்.

மல்டிமீட்டர்

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். காலியாக 250 டிகிரி என்பது புது ஓவனுக்கு உரிய வைத்தியம். ஹீட்டர் கம்பியில் பூசி அனுப்பும் காப்பு எண்ணெய் அதில் எரிந்து தீரும். இங்கே விஷயம் வேறு என்று நினைக்கிறேன்.

சகோதரி, விடை தெரியும்வரை ஓவனைப் போடாதீர்கள். மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். வாடை ஓவன் கதவருகே அதிகமா, சுவர் பக்கம் அதிகமா? ஓவனை எந்த பாயிண்டில் செருகுகிறீர்கள், சின்ன ஓட்டையா, பெரிய ஓட்டையா? நடுவில் கன்வெர்ஷன் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஏதாவது இருக்கிறதா?

மாவும்மணமும்

கதவைத் திறந்தால் கேக் மணம்தான் வருகிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன், வாடை மேடைக்குப் பின்னால் சுவர் ஓரம்தான் அதிகம். ஓவன் பிளக்கின் பின்கள் பெரியவை. மேடைக்கு மேலே இருப்பது சின்ன பாயிண்ட். அதனால் கடையில் ஒரு கன்வெர்ஷன் பிளக் வாங்கி நடுவில் மாட்டியிருக்கிறோம். பெரிய பாயிண்ட் எதிர்ச்சுவரில் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதில் கிரைண்டர் ஓடுகிறது.

மல்டிமீட்டர்

அப்படியானால் உங்கள் மீன் சுவிட்ச் போர்டில்தான் இருக்கிறது.

மீனுக்கு அந்த வாடையைக் கொடுப்பவை அமீன் வகைச் சேர்மங்கள். சுவிட்ச், பிளக் செய்யப் பயன்படும் யூரியா ஃபார்மால்டிஹைடு போன்ற பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானாலும் அதே குடும்பத்து வாடைதான் கிளம்பும். சிலருக்கு மீனாகத் தெரியும், சிலருக்கு மூத்திர நெடியாகத் தெரியும். புகையோ பொறியோ வரும் முன்பே பெரும்பாலும் இந்த வாடை வந்துவிடும். அந்த வகையில் உங்களுக்கு நல்ல நேரம்தான்.

இப்போது கணக்கு. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்கு, பெரியது 16 ஆம்பியருக்கு (பழைய ஆட்கள் 5, 15 என்பார்கள்). கன்வெர்ஷன் பிளக் ஓட்டையின் உருவத்தைத்தான் மாற்றும், உள்ளே இருக்கும் பித்தளையின் தாங்கு சக்தியை மாற்றாது. பெரிய பின் சின்ன பாயிண்டில் நுழையாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு. அதைத் தாண்டிப் போகத்தான் இந்தச் சாமானை விற்கிறார்கள். எனக்கு இதன் மேல் தீராத கோபம்.

கூடவே பிடிப்பு லூசாக இருந்தால் இன்னும் மோசம். தொடும் இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே 8.7 ஆம்பியரில் 38 வாட் வெப்பம் அங்கே உண்டாகும். வீட்டில் ரேடியோ ரிப்பேர் செய்பவர் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றைச் சுவருக்குள் செருகி வைத்துக்கொண்டு பன் சுடுகிறீர்கள்.

பிஸ்கட் போடும்போது வாடை குறைவது ஏன் என்பதும் இதில் அடக்கம். 150, 160 டிகிரியில் தெர்மோஸ்டாட் அடிக்கடி ஹீட்டரை நிறுத்திவிடும், அந்த இடைவெளியில் பிளக் ஆறிக்கொள்ளும். பீட்சாவுக்கு 230க்கு மேல் வைப்பீர்கள். ஹீட்டர் நிற்காமல் எரியும், பிளக்குக்கு ஓய்வே இல்லை.

மெயின் போர்டில் அந்த லைனின் எம்சிபியை (கரன்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இறக்குங்கள். டெஸ்டர் வைத்து கரன்ட் இல்லை என்று பார்த்துவிட்டு, நன்றாக ஆறிய பிறகு பிளக்கை உருவிப் பாருங்கள். பின் கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும், ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறி இருக்கும். சுவிட்ச் போர்டை நீங்களே கழற்ற வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஒருவேளை அங்கே எல்லாம் சுத்தமாக இருந்தால், அடுத்து ஓவனின் உள்வயரைப் பார்க்க வேண்டும். ரிப்பேருக்குப் போன ஓவனில் வெப்பம் தாங்கும் வயருக்குப் பதில் சாதாரண பிவிசி வயரை மாட்டிவிடுவது உண்டு. சாதாரண பிவிசி தாங்குவது 70 டிகிரிதான். அது கருகினால் மீன் வாடை வராது, மூக்கைக் கரிக்கும் அமில நெடி வரும். நெய், சீஸ் சிந்திக் கருகினால் முதல் சில நிமிடம் காரலும் புகையும் வந்து அடங்கும். பல்லியோ எலியோ என்றால் ஓவனைப் போடாத நேரத்திலும் நாறும்.

மாவும்மணமும்

அண்ணா சொன்னபடியே இருக்கிறது. கன்வெர்ஷன் பிளக் உருகி ஓவனின் டாப்போடு (ஓவன் வயரின் முனையில் இருக்கும் பிளக்) ஒட்டிப் பிடித்திருந்தது, பிரிக்கவே முடியவில்லை. ஒரு பின் கறுநீலம். எலக்ட்ரீஷியன் வந்து போர்டைக் கழற்றினார். நியூட்ரல் வயரை இறுக்கும் ஸ்க்ரூ லூசாக ஆடியது, வயரின் தோல் விறைத்துப் பொரிந்து போயிருந்தது.

சாக்கெட் புதிது மாட்டியாயிற்று. இனி அதில் கிரைண்டர் மட்டும்தான். ஓவனை எதிர்ச்சுவர்ப் பெரிய பாயிண்டுக்கு மாற்றியாயிற்று. அவர் ஓவனின் டாப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும் என்கிறார். சரியா?

மல்டிமீட்டர்

வேண்டாம். கருகிப்போன பிளக் பின், புது சாக்கெட்டின் பித்தளையையும் கெடுத்துவிடும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 16 ஆம்பியர் டாப் வாங்குங்கள். வயரின் முனையில் செம்பு கறுத்திருக்கும் தூரத்தை வெட்டி எறிந்துவிட்டு, பளபளப்பான செம்பு வரும் இடத்திலிருந்து இணைக்கச் சொல்லுங்கள். டாப் வார்ப்பாக ஓவன் வயரோடு சேர்ந்து வந்ததென்றால் அந்த வயர் முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது.

சாம்பல்பூசணி

சந்தேகம். இவ்வளவு சூடாகியும் எம்சிபி ஏன் விழவில்லை? அதற்குத்தானே அதை வைக்கிறோம்?

மல்டிமீட்டர்

நல்ல கேள்வி. எம்சிபி பார்ப்பது லைனில் ஓடும் மொத்த கரன்டை மட்டும்தான். லூஸ் கான்டாக்டில் கரன்ட் கூடுவதில்லை, ஒரே இடத்தில் வெப்பம்தான் கூடுகிறது. அந்த லைனுக்கு 10 ஆம்பியர் எம்சிபி போட்டிருந்தால் 8.7 அதற்கு உறுத்தவே உறுத்தாது. கரன்ட் கசிவைப் பார்த்து லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபிக்கும் இது தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும்.

அதனால்தான் சகோதரிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாடகை வீடுகளில் பெரிய சாக்கெட்டை மட்டும் மாட்டிவிட்டு, உள்ளே லைட் லைனின் மெல்லிய வயரிலிருந்து லூப் எடுத்திருப்பார்கள். அந்த எலக்ட்ரீஷியனிடமே பவர் பாயிண்ட் வயர் 2.5 அல்லது 4 ஸ்கொயர் எம்எம்தானா, தனி எம்சிபிக்குப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மாவும்மணமும்

பார்த்துவிட்டார். 4 ஸ்கொயர், தனி லைன். புது டாப்பும் மாட்டியாயிற்று. இன்று 230 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். அப்புறம் நிறுத்திவிட்டு பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் லேசான வெதுவெதுப்பு மட்டும். வாடை இல்லை. மாமியார் இன்னும் சுவருக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருக்கிறார், நான் தடுக்கவில்லை.

ஏலக்காய்டீ

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எங்களுடையது சிலிண்டரில் ஓடும் கேஸ் ஓவன். பற்றவைக்கும்போது முட்டை அழுகிய நாற்றம் ஒரு நொடி வந்து போகிறது. இதுவும் பிளக்தானா?

மல்டிமீட்டர்

இல்லை, அது கேஸில் கலக்கும் மெர்காப்டனின் நாற்றம். எல்பிஜிக்கு இயல்பில் வாடை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அதைச் சேர்க்கிறார்கள். பற்றும் நொடியில் வந்து மறைந்தால் கவலை இல்லை. எரியும்போதோ அணைத்த பிறகோ நாறினால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால் நின்றபடி முகர்ந்து பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ரப்பர் ட்யூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எந்த வருடம் செய்தது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும்.